அடிச்சுற்று

அந்தத் தூண்டில் ரீலில் நூல் சுற்றியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் மறைத்து வைத்ததாக ஆகிவிடும். அந்த விஷயத்தில் ஏற்கெனவே எங்கள் தெருவில் எனக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை.

மோட்டாருக்குக் காயில் சுற்றுவது என் தொழில். தண்ணீர் மோட்டார், மாவு மில் மோட்டார், மின்விசிறி, எது எரிந்து வந்தாலும் கருகிய கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் சுற்றிய காயில் ஒன்றுகூட இடம்விட்டு நகர்ந்ததில்லை. இதை நான் அடிக்கடி சொல்வேன். கேட்கிறவர்கள் கொட்டாவி விட்டாலும் சொல்வேன்.

என் கடைக்கு நேர் எதிரே சலூன். கீழே கடை, மாடியில் வீடு. சலூன்காரரை நான் அண்ணன் என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். இரண்டு பேரும் என்னைக் காயில் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது.

அண்ணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்பு. ஈர விரிப்பை மெஷினிலிருந்து உருவி, உதறி, கொடியில் போட்டுப் போட்டு அவர் தோளும் கையும் ஒரு மாதிரி உருண்டு திரண்டு இருக்கும். அண்ணன் அதற்கு நேர்மாறு. ஒல்லியான உடம்பு, நீளமான விரல். முப்பது வருடமாக ஊரார் தலைக்கு மேலே வலது கையைத் தூக்கியபடியே நின்றதில் போன வருடம் அவருடைய தோளுக்குள் ஏதோ ஒரு நார் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து தைத்தார்கள். கத்தரிக்கோல் பிடிக்க முடிந்தது, முழங்கையை மடக்க முடிந்தது. ஆனால் கை நெஞ்சு உயரத்துக்கு மேலே ஏறவில்லை.

தொழிலுக்கு அவர் வழி கண்டுபிடித்துவிட்டார். நாற்காலியின் காலை அரையடி அறுத்துத் தாழ்த்தினார். உட்கார்ந்தவன் முழங்கால் தாடையில் இடிக்கும், ஆனால் தலை அண்ணனுக்கு வாட்டமாக இருக்கும். வழி தெரியாமல் போனது திருக்கை மீன் பிடிக்கத்தான்.

எங்கள் பக்கத்துக் கடற்கரையில் கரையில் நின்றபடியே பெரிய திருக்கை பிடிக்கலாம். பன்னிரண்டு அடி ராடில் தூண்டில் முள்ளில் நண்டைக் கோத்து, கை விரல் பருமனுக்கு ஈயக்குண்டு கட்டி, அலை உடைகிற இடத்தைத் தாண்டி வீச வேண்டும். அங்கே மணல் திட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் ஓடும். காற்று ஓய்ந்து தண்ணீர் கலங்கி இருக்கும் நாளில் திருக்கை அந்தப் பள்ளத்தில் மேயும். வாரம் ஒரு நாள் சலூனுக்கு லீவு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த லீவு நாளில் இரண்டு பேரும் போகாமல் இருந்ததில்லை. அண்ணன் வீசுவார், அண்ணன் இழுப்பார். அண்ணி மீனைக் கரை ஏற்றுவார்.

அவர்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. துணி துவைக்கிற நீலத் தொட்டியைக் கடற்கரைக்குக் கொண்டுபோவார்கள். தொட்டிக்குள் அடங்குகிற திருக்கைதான் வீட்டுக்கு வரும். அடங்காதது திரும்பக் கடலுக்கே போகும். சட்டம் போட்டது அண்ணி. ஒருமுறை கட்டில் அகலத்துக்கு ஒன்றைத் தூக்கி வந்து, வைக்க இடமில்லாமல், அறுத்து முடிக்கவும் முடியாமல், தெரு மூன்று நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அதற்குப் பிறகு வந்த சட்டம் அது.

ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாதம் அவர்கள் போகவில்லை. ராடு இரண்டும் மாடிப்படி மூலையில் நின்றன. கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், சுவரில் விரலை வைத்து எறும்பு ஏறுவதுபோல ஏற்றச் சொல்லியிருந்தாள். எவ்வளவு ஏறியது என்று சலூன் கண்ணாடிக்குப் பக்கத்தில் அண்ணி வாராவாரம் பென்சிலால் கோடு போடுவார். ஆறு கோடு ஏறியது. ஏழாவது வாரம் ஆறாவது கோட்டிலேயே நின்றது. அப்புறம் மூன்று மாதம் அந்தக் கோடு அசையவில்லை. கடைசியில் அண்ணன் சுவரைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

கலகலப்பான மனிதர். முடி வெட்டிக்கொண்டே ஊர்க்கதை முழுக்கச் சொல்வார். அவர் பேச்சை நிறுத்தியதும் சலூனில் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. அதை என் கடையிலிருந்து கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கே கஷ்டமாக இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் அண்ணி வேலை முடிந்து வரும் வழியில் நேராக என் கடைக்குள் வந்தார். கையில் அட்டைப்பெட்டி.

"காயிலு, வேலையா இருக்கியா?"

"வேலைதான். நீங்க சொல்லுங்க அண்ணி."

"இதைப் பாரு."

புது ரீல். கறுப்பு உடம்பு, வெள்ளி உருளை, கையளவு கைப்பிடி. சுற்றிப் பார்த்தேன். எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடியது.

"கைப்பிடியைக் கழட்டி இந்தப் பக்கம் மாட்டலாம்," என்றார். "இடது கையால சுத்தலாம். பழைய ரீல்ல அது முடியாதுல்ல. நான் வீசுறேன். அவர் இடது கையால சுத்தி இழுக்கட்டும். வலது கை சும்மா ராடைப் பிடிச்சா போதும், நெஞ்சுக்கு மேல தூக்க வேண்டியதே இல்ல."

"நீங்க வீசுவீங்களா?"

"ரெண்டு மாசமா ஆஸ்பத்திரி மைதானத்துல, இரவல் ராடுல பழைய ரீலை மாட்டிப் பழகிட்டு இருக்கேன். முள்ளு இல்லாம வெறும் ஈயம். முத நாள் தண்ணித் தொட்டி மூடி ஒடஞ்சு போச்சு. வாட்ச்மேன் கிட்ட கல்லு விழுந்துச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்ப நேரா போகுது."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வேணாம்பார். எல்லாம் தயாரா இருந்தா வேணாம்னு சொல்ல வாய் வராது. நூலை நீ சுத்திக் குடு. உன்னை மாதிரி யாரு சுத்துவா?"

கடைசி வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன். பெட்டிக்குள் முந்நூறு மீட்டர் பின்னல் நூல் இருந்தது. பட்டு மாதிரி மெல்லிசு, ஆனால் ஆளையே தூக்கும். அதோடு ஒரு சின்ன நைலான் உருண்டை.

"இது எதுக்கு?"

"முதல்ல அந்த நைலானை அடியில பத்துப் பதினஞ்சு சுத்து சுத்திட்டு, அதுல முடிச்சுப் போட்டு அப்புறம் பின்னல் நூலைச் சுத்தணும்னு கடைக்காரர் சொன்னார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே காயிலில் இரண்டு ஜாதிக் கம்பியை முடிச்சுப் போட்டுச் சேர்ப்பதைவிடக் கேவலம் எங்கள் தொழிலில் கிடையாது. புதிதாகத் தொழிலுக்கு வந்தவன்கூடச் செய்ய மாட்டான்.

"அண்ணி, அவர் விக்கிறவர். சுத்துறவன் நான். நடுவுல முடிச்சு வந்தா அங்கதான் அறுந்து போகும். ஒரே நூலா சுத்தித் தர்றேன், பாருங்க."

"அவர் அழுத்திச் சொன்னாரே."

"இருபத்திரண்டு வருஷம் அண்ணி."

அவர் பெட்டியை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். அன்று மாலை மெஷினில் உருளையை மாட்டி, நுனியை உருளையில் கட்டி, சுற்றுக்குச் சுற்று நெருக்கி முந்நூறு மீட்டரையும் ஏற்றினேன். கண்ணாடி மாதிரி வந்தது. மிச்சமிருந்த நைலான் உருண்டையால், ஒரு பக்கம் ஆணி கழன்று தொங்கிய என் கடைப் பலகையை இழுத்துக் கட்டினேன். நல்ல நைலான்.

மூன்று நாள் கடல்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் சலூன் லீவு. காலை ஏழரைக்கே புழுக்கமாக இருந்தது. அண்ணி புது ரீலை மாட்டிய ராடைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் நிறுத்தினார். நண்டு வாங்கியாயிற்று, டீ போட்டு பிளாஸ்கில் ஊற்றியாயிற்று, ரொட்டிக்கு நடுவில் முட்டை வைத்துப் பொட்டலம் கட்டியாயிற்று. அண்ணன் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வேணாம் என்று சொல்ல நிஜமாகவே வாய் வரவில்லை.

"இவனும் கூட்டாளியா?" என்று மட்டும் கேட்டார் என்னைப் பார்த்து.

"தொட்டி தூக்க ஆள் வேணும்ல," என்றார் அண்ணி.

நான் நீலத் தொட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தேன். உள்ளே நண்டு வாடை. வழியில் அண்ணன் என் பக்கத்தில் வந்து, அண்ணிக்குக் கேட்காமல் சொன்னார்.

"காயிலு, ஒரு முடிவு பண்ணிட்டேன். இன்னைக்கு ஒண்ணு மாட்டி, அதை என்னால இழுக்க முடியலன்னா ராடு ரெண்டையும் நீயே எடுத்துட்டுப் போயிடு. ரீலோட சேர்த்து."

"என்ன அண்ணே இப்படிப் பேசுறீங்க."

"நிஜமாத்தான். மாடிப்படி ஏறும்போது இறங்கும்போது மூலையில நின்னு என்னைப் பார்க்குது. முடியாதுன்னா முடியாதுன்னு தெரிஞ்சிட்டுப் போகட்டும். அவ கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பொய் சொல்ல மாட்டேன். தொட்டிக்குள்ளே என் முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அந்த நீள ராடின் மேல் எனக்குப் பத்து வருடமாக ஒரு கண். அது அண்ணனுக்கும் தெரியும். சந்தோஷப்பட்டதற்காக உடனே வெட்கமாகவும் இருந்தது. அதையும் தொட்டி மறைத்துவிட்டது.

தண்ணீர் டீ நிறத்தில் கலங்கி ஏறிக்கொண்டிருந்தது. கரையில் எங்களைத் தவிர நாய் ஒன்றுதான். அண்ணி சேலையை வரிந்து செருகிக்கொண்டு, வலது கையில் ஒரு தோல் உறையை மாட்டினார். அண்ணன் சவரக்கத்தி தீட்டுகிற பழைய தோல்பட்டையை வெட்டி அண்ணியே தைத்தது. பின்னல் நூல் வெறும் விரலை அறுத்துவிடும். ராடைத் தோளுக்குப் பின்னால் சாய்த்து, ஒரு காலை முன்னால் வைத்து, ஈர விரிப்பை உதறுகிற அதே உதறலில் வீசினார். ஈயம் மணல் திட்டைத் தாண்டிப் பள்ளத்தில் போய் விழுந்தது.

அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றார்.

"எங்க பழகின?"

"வேலை செய்யுற இடத்துல."

"என்னை விட இருபதடி தள்ளிப் போயிருக்கு."

"காத்து அந்தப் பக்கம் தள்ளிடுச்சு," என்றார் அண்ணி. காற்றே இல்லை.

ராடை மணலில் நட்டிருந்த பைப்பில் செருகிவிட்டு உட்கார்ந்தோம். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. நண்டை இரண்டு தடவை மாற்றினோம். நான் ரொட்டிப் பொட்டலத்தைப் பார்த்தேன், மீன் மாட்டினால்தான் ரொட்டி என்றார் அண்ணி. அண்ணன் இடது கையால் ரீலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுச் செருப்பு வாங்கியவன் காலைப் பார்ப்பதுபோல இருந்தது அது.

பத்து மணி இருக்கும். ராடின் நுனி இரண்டு தடவை தலையாட்டியது. அப்புறம் மெதுவாக, மிக மெதுவாகக் குனிந்தது. ரீல் கிர்ரென்று கத்தியது.

அண்ணன் எழுந்த வேகத்தில் டீ கொட்டியது. அண்ணி இடுப்புப் பட்டையைக் கட்டிவிட, ராடின் அடியை அதில் இருந்த கிண்ணத்துக்குள் ஊன்றி, வலது கையால் நெஞ்சு உயரத்தில் ராடைப் பிடித்து, இடது கையைக் கைப்பிடியில் வைத்தார். ராடு வில்லாக வளைந்தது.

"பெருசு," என்றார். எட்டு மாதத்தில் நான் கேட்காத குரல் அது. "பெருசும்மா. படுத்துக்கிட்டுப் போகுது."

"விடுங்க, ஓடட்டும்."

ஓடவிட்டார். திருக்கை ஓடி முடித்ததும் மணலோடு அப்பிப் படுத்துவிடும், அப்போது கிளப்ப வேண்டும். அண்ணன் ரீலின் முன்னால் உள்ள பிரேக்கை இறுக்கினார். கிர் சத்தம் நின்றது. சுற்ற ஆரம்பித்தார்.

சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். கைப்பிடி சுழன்றது. நூல் ஒரு அடி வரவில்லை. பிரேக்கை இன்னும் இறுக்கினார். மீன் மறுபடி அசைந்தது, நூல் சத்தமே இல்லாமல் வெளியே போனது. அண்ணன் நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

"பொறுமையா சுத்துங்க," என்றார் அண்ணி.

"சுத்துறேனே. சுத்திக்கிட்டேதானே இருக்கேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "இழுக்குற சத்து கையில இல்ல. சுத்துற மாதிரி இருக்கு, ஆனா இழுக்கல. இடது கையும் போச்சு போல."

"அப்படியெல்லாம் இல்லங்க."

"இல்லன்னா வரணும்ல?"

கால் மணி நேரம் அப்படியே போனது. ஒரு சாண் நூல்கூட உள்ளே வரவில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. கடையை அடைத்துப் பூட்டுப் போடுகிறவர் முகம்.

"இந்தா காயிலு. பிடி. சொன்ன சொல்தான்."

அண்ணிக்குப் புரியவில்லை. "என்ன சொல்? என்ன சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே ராடு என் கைக்கு வந்துவிட்டது.

பத்து வருடமாக ஆசைப்பட்ட ராடு. நுனியில் ஒரு பெரிய திருக்கை. நான் கைப்பிடியைச் சுற்றினேன். எனக்கு நல்ல தோள், நல்ல கை, மோட்டாரைத் தனியாளாகத் தூக்கி மேஜையில் வைக்கிறவன். எனக்கும் ஒரு அடி வரவில்லை.

அப்போதுதான் குனிந்து ரீலைப் பார்த்தேன். உருளை அசையாமல் நின்றது. இந்த வகை ரீலில் அது நிற்கும், அதைச் சுற்றி வரும் கம்பிதான் நூலை ஏற்றும். ஆனால் அதன் மேல் நான் கண்ணாடி மாதிரி சுற்றியிருந்த நூல் மொத்தமும், மெலிந்த கையில் வளையல் சுழல்வதுபோல, உருளையைச் சுற்றி வழுக்கிக்கொண்டிருந்தது. உருளையே சுழன்று நூல் போனால்தான் கிர் சத்தம் வரும், அதனால்தான் அது வரவில்லை. செம்புக் கம்பி சுற்றும்போது அடியில் காகிதம் வைத்துத்தானே நான் சுற்றுவேன். கம்பி பிடித்து உட்காருவதற்கு அடியில் ஏதாவது வேண்டும். பின்னல் நூலுக்கு அந்த நைலான்தான் காகிதம். அது இப்போது என் கடைப் பலகையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. வாயை மூடிக்கொண்டு நின்றால் ராடு என்னுடையது. இருபத்திரண்டு வருடப் பேச்சும் பேசினபடியே இருக்கும். நூல் அறுந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவ்வளவையும் ஒரு நொடியில் நினைத்தேன் என்பதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

"அண்ணே," என்றேன். "உங்க கையில ஒண்ணும் இல்ல."

"என்ன?"

"கை நல்லா இருக்கு. என் சுத்து சரியில்ல. நூல் உருளை மேல வழுக்குது. யார் சுத்தினாலும் வராது. இங்க பாருங்க."

அண்ணன் குனிந்து பார்த்தார். அண்ணியும் பார்த்தார்.

"நைலானை அடியில போட்டியா?" என்றார் அண்ணி.

"போடல."

"அந்த உருண்டை எங்க?"

"என் கடைப் பலகையைக் கட்டியிருக்கேன்."

இரண்டு பேரும் ரீலை விட்டு என்னைப் பார்த்தார்கள். நாய்கூட என்னைப் பார்த்தது.

"அப்ப நான் சுத்தினது..." என்று ஆரம்பித்தார் அண்ணன்.

"நல்லாத்தான் சுத்தினீங்க. நீங்க கால் மணி நேரம் தாங்கினீங்க. எனக்கு இப்பவே கை கடுக்குது."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு ராடை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிடுங்கிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இருபத்திரண்டு வருஷம்," என்றார்.

"ஆமா அண்ணே."

"ஒரு சுத்துகூட நகர்ந்ததில்ல."

"அண்ணே, அப்புறம் திட்டுங்க. நான் நூலைக் கையில சுத்தி இழுக்கவா?"

"விரல் துண்டா போயிடும், முட்டாள். தள்ளி நில்லு. ஏம்மா, அந்தத் தோலைப் போட்டிருக்கியா? இங்க வா. என் முன்னால நில்லு. நூலை உருளையோட சேர்த்து ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடி. அமுக்கினியா? நான் பின்னால நடப்பேன், நீயும் என்கூடவே வா. மீனும் வரும். அப்புறம் ரெண்டு பேரும் முன்னால ஓடுவோம், அப்ப கையை விட்டுடு. நூல் தொய்வா இருக்கும், நான் வேகமா சுத்திக்கிறேன். புரியுதா?"

"பின்னால போனா அமுக்கணும். முன்னால வந்தா விடணும்."

"அவ்வளவுதான்."

அப்படித்தான் அது நடந்தது. அண்ணி ரீலை அமுக்கிப் பிடிக்க, அண்ணன் ராடை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு மணலில் பதினைந்து அடி பின்னால் நடந்தார்கள். "விடு" என்று அவர் சொன்னதும் கடலைப் பார்த்து ஓடினார்கள், அவர் இடது கை படபடவென்று சுற்றியது. மறுபடி "அமுக்கு". மறுபடி பின்னால். முதல் நான்கு தடவை அண்ணியின் குதிகால் அண்ணன் கால் விரலை மிதித்தது.

"காலைப் பார்த்து வைம்மா."

"நீங்க முட்டியை மடக்காம நடந்தா நான் எங்க வைக்கிறது?"

"கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் மிதிச்ச."

"அன்னைக்கும் உங்க கால்தான் குறுக்கே வந்துச்சு."

நான் நீலத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வேறு வேலை தரப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் "விடு", "அமுக்கு" என்று சொல்வது நின்றுவிட்டது. சொல்லாமலே கால் நான்கும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தன. ஈர மணலில் ஒரு வழித்தடமே விழுந்துவிட்டது. ஒரு தடவை மீன் கோபித்துக்கொண்டு ஓடியதில் பத்து நடை சம்பாத்தியம் போய்விட்டது. இரண்டு பேரும் நின்று மூச்சு வாங்கினார்கள், அண்ணி தலையை அப்படியே பின்னால் சாய்த்து அவர் இடது தோளில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார். நான் நாயைப் பார்த்தேன்.

முக்கால் மணி நேரம் ஆனது. பழுப்புத் தண்ணீரில் ஒரு இறக்கையின் விளிம்பு மடங்கி எழுந்தது. அடுத்த அலை அதைத் தூக்கிக் கொண்டுவந்து முழங்கால் ஆழத்தில் போட்டது. அண்ணி ரீலை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட கிழிந்த விரிப்பை எடுத்துக்கொண்டு, காலைத் தூக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடந்துபோனார். வாலில் முள் இருக்கிறது, மிதித்தால் தொலைந்தோம். விரிப்பை நான்காக மடித்து வாலின் மேல் போட்டு, இரண்டு கையாலும் அமுக்கி உட்கார்ந்துவிட்டார்.

"தொட்டி," என்றார் அண்ணன்.

தொட்டியை அதன் மேல் கவிழ்த்துக் காட்டினேன். இரண்டு பக்கமும் ஒன்றரை சாண் வெளியே நின்றது. சாம்பல் நிற முதுகு, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் துளைகள் மூடித் திறந்தன. சட்டம் சட்டம்தான். எனக்குக் கொஞ்சம் நப்பாசை இருந்தது, இறக்கைத் துண்டை மிளகு போட்டு வறுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்கும் உரிமை எனக்கு இல்லை.

அண்ணன் மண்டியிட்டு, அதன் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் குறடால் திருகி எடுத்தார். அலை வந்தபோது மூன்று பேரும் தள்ளினோம். ஒரு நிமிடம் அங்கேயே கிடந்தது. அப்புறம் ஓரத்தை ஒரு தடவை சுருட்டி விரித்துவிட்டு, கலங்கல் தண்ணீருக்குள் போய்விட்டது.

கரையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம். முட்டையில் மணல் நறநறத்தது, யாரும் குறை சொல்லவில்லை. மிச்சமிருந்த டீ மூன்று வாய் வந்தது. அண்ணி உள்ளங்கையைப் பார்த்தார், தோல் உறை பாதி அறுந்திருந்தது.

"அவன் கிட்ட என்ன சொல் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. ராடு வேணுமான்னு கேட்டேன்."

"வேணும்னானா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "வேணாம்னுட்டான்," என்றார்.

நான் ரொட்டியை மென்றுகொண்டே கடலைப் பார்த்தேன். ராடு கிடைக்காததில் வருத்தம் இல்லை என்றால் அது பொய். ஆனால் வருத்தத்தைவிட வயிறு நிறைந்ததுபோல ஒரு நிறைவு அதிகமாக இருந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக என் கடைப் பலகையிலிருந்து நைலானை அவிழ்த்தேன். பலகை ஒரு பக்கமாகத் தொங்கியது, தொங்கட்டும் என்று விட்டேன். முந்நூறு மீட்டரையும் ரீலிலிருந்து உருவி, தெருவில் என் கடைத் தூணுக்கும் சலூன் தூணுக்கும் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினேன். அண்ணிக்கு மதியம்தான் வேலை, நூல் சிக்காமல் சலூன் வாசலில் நின்று பிடித்துக்கொண்டிருந்தார். உருளையில் நைலானைப் பதினைந்து சுற்றுச் சுற்றினேன். முடிச்சுப் போட்டேன். இரண்டு ஜாதி நூலைச் சேர்த்து என் வாழ்க்கையில் போட்ட முதல் முடிச்சு. கை கூசியது, ஆனாலும் போட்டேன்.

சலூனுக்குள் தபால்காரர் உட்கார்ந்திருந்தார். முழங்கால் தாடைக்கு நேரே இருக்க, பாதி முகத்தில் நுரை. அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நூல் வழுக்கிய இடம் வந்ததும் என் கடைப் பக்கம் கையைக் காட்டினார். தபால்காரர் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இன்னும் பத்து வருடத்துக்கு இதைக் கேட்க வேண்டும் என்று புரிந்தது.

"எவ்வளவு பெருசுங்க இருக்கும்?" என்றார் தபால்காரர்.

"எவ்வளவு பெருசா? இந்தா பாருங்க, இவ்வளவு அகலம்," என்று அண்ணன் இரண்டு கையையும் விரித்தார்.

இடது கை எவ்வளவு உயரம் போனதோ அவ்வளவு உயரம் வலது கையும் போனது. விரல் நுனி கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் ஆறாவது கோட்டுக்கு மேலே, நாலு விரல்கடை மேலே, நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. தபால்காரருக்கு அது என்ன கோடு என்றே தெரியாது. நான் பார்த்தேன். "அண்ணே" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. வாசலில் நூலோடு நின்ற அண்ணி என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

அண்ணன் கையை இறக்கிக் கத்தியை எடுக்கப் போனார்.

"என்னங்க," என்றார் அண்ணி. "எவ்வளவு அகலம்னீங்க?"

"நீ பக்கத்துலதானே இருந்த."

"நான் வாலைத்தானே பிடிச்சிட்டு இருந்தேன். அகலத்தை எங்க பார்த்தேன். இன்னொரு தடவை காட்டுங்க."

அண்ணன் சலித்துக்கொண்டார். பிறகு கத்தியை வைத்துவிட்டு, தபால்காரர் பார்க்கட்டும் என்று கொஞ்சம் தள்ளி நின்று, மறுபடி காட்டினார். இந்தத் தடவை திருக்கை இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.